மறுவருடக் கண்

சலோமி வெள்ளைத் துணியைச் சுருக்கம் போக இழுத்துவிட்டாள். ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்கி, ஷூவின் மூக்கைக் கேமராவுக்கு அரைவாசி திருப்பி வைத்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் தோலின் மினுமினுப்பு எடுபடும். இந்தச் சாமர்த்தியமெல்லாம் முதல் படத்துக்குத்தான். இரண்டாவது படத்தை எடுப்பது மறுவருடக் கண். அதனிடம் யார் ஜம்பமும் சாயாது.

இணையக் கடையில் எதை விற்றாலும் இரண்டு படம் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பொருள் இன்று எப்படி இருக்கிறது என்று ஒன்று, அடுத்த வருடம் இதே நாளில் எப்படி இருக்கும் என்று இன்னொன்று. ஒரு பொருளின் மேல் இனிமேல் விழப்போகும் ஒளியையும் பிடித்துவிடுகிற கண் அது. யார் வீட்டில், எந்த ஊரில் என்பதை மட்டும் காட்டாது. அந்தரங்கச் சட்டத்துக்காகப் பின்னணியைத் துடைத்து வெள்ளையாக்கிவிட்டு, படத்தைத் தானே கடைப்பக்கத்தில் ஏற்றிவிடும்.

ஆம்பூரில் வாக்கிங் ஷூ விற்கிறவர்களுக்கு இது பெரிய ரோதனையாகப் போயிற்று. ஒரே அச்சில், ஒரே தோலில் செய்த ஜோடிகளில் ஒன்று அடி தேய்ந்து வாயைப் பிளந்து நிற்கும். பக்கத்து ஜோடி அப்படியே பளபளக்கும். பளபளப்பதற்குக் ‘குன்றாப் பொருள்’ என்ற முத்திரை கிடைக்கும். படம் போட்ட சூட்டோடு விற்றுப் போய்விடும். மற்றதைத் தள்ளுபடியில்தான் தள்ள வேண்டும். தோலும் தையலும்தான் காரணம் என்று வாங்குகிறவர்கள் நம்பினார்கள். சலோமியும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் தேவநேசனுக்குப் போன மாதம்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனுஷன் நடந்த நடை, கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசை வரைதான். புதுச் சரக்கு வந்ததும் அவன் அளவில் ஒரு நல்ல ஜோடியைச் சலோமி எடுத்து வைத்தாள். எடுத்து வைத்தவள், கைப்பழக்கத்தில் அதையும் வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்துவிட்டாள்.

திரையில் வந்த மறுவருடப் படத்தில் ஷூவுக்கு ஒரு கீறல் இல்லை. அடியில் மண் இல்லை. லேஸில் போட்ட கடை முடிச்சுகூட அவிழாமல் இருந்தது.

தேவநேசன் எட்டிப் பார்த்தான். “அடடா! முதல் தரம் சலோமி. இதைப் போய் எனக்குக் குடுக்கிறியே.”

சலோமி படத்தைப் பெரிதாக்கி அடியைப் பார்த்தாள். ஒரு வருடம் தெருவில் நடந்த ஷூ இப்படியா இருக்கும்? அப்படியானால் இவர் நடக்கப்போவதில்லை. ஏன் நடக்கப்போவதில்லை? சோம்பலா? சோம்பலாகவே இருக்கட்டும் கர்த்தரே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

“நாளையிலேர்ந்து நடப்பேன்னு சொல்லுங்க. என் தலைமேல கை வச்சு சொல்லுங்க.”

“இன்னா திடீர்னு? சரி, நடக்கறேன்.”

மறுபடி எடுத்தாள். அதே பளபளப்பு. விளக்கை மாற்றி எடுத்தாள். துணியை மாற்றி எடுத்தாள். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். விற்றுப் பெருமைப்பட்ட குன்றாப் பொருள்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவற்றைப் போடாமல் விட்டவர்கள் யார் யார்? அவர்களுக்கு என்ன ஆயிற்று?

அப்போது போன் மணி அடித்தது. ஆர்டர். அவள் வரிசையாக எடுத்த படங்கள் எல்லாம் கடைப்பக்கத்தில் ஏறியிருந்தன. தேவநேசனுக்கென்று எடுத்து வைத்த ஜோடி விற்றுப்போயிருந்தது. பெயர் வெண்ணிலா, ஊர் தஞ்சாவூர். கீழே ஒரு குறிப்பு: ‘அப்பாவுக்கு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நன்றாக பேக் பண்ணி அனுப்புங்கள்.’

சலோமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். படத்தில் தெரிந்தது தேவநேசனின் வருடம் இல்லை. அந்த ஷூ அவன் காலுக்கு வரவேயில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான், யாருடைய அப்பா நடக்காமல் போவதற்காகச் சந்தோஷப்படுகிறோம் என்பது உறைத்தது. தன்னை நினைத்தே கூசிப்போய்ப் போனை எடுத்தாள்.

“அம்மா வெண்ணிலா, ஷூ கடையிலேர்ந்து பேசறேன். அந்த ஜோடி வேணாம்மா. அதே அளவுல வேற ஒண்ணு இருக்கு. படத்துல கிழிஞ்சிருக்கும். அப்பாவுக்கு அதை வாங்கிக் குடும்மா.”

“கிழியப்போறதை எங்கப்பாவுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?”

“நடந்தாதான்மா கிழியும். அப்பாவை நடக்க வைம்மா.”

“விக்காத சரக்கை என் தலையில கட்டப் பாக்காதீங்க. அப்பாவுக்கு நல்லதாத்தான் வாங்கியிருக்கேன். அதையே அனுப்புங்க, இல்லேன்னா புகார் குடுப்பேன்.” வைத்துவிட்டாள்.

விற்ற பொருளை அனுப்பாவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். சலோமி தஞ்சாவூருக்குப் போகும் பெட்டியில் ஒரு சீட்டு எழுதி வைத்தாள், ‘ஐயா, தயவுசெய்து நடங்கள்’ என்று. பிறகு அந்தப் பெண் வேண்டாமென்ற ஜோடியைக் கொண்டுவந்து, படத்தைப் பார்த்து முகம் சுளித்த தேவநேசனின் காலில் தானே மாட்டி, கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனாள்.

வருடம் திரும்பியது. தேவநேசனின் ஷூ மூக்கு பிய்ந்து, ஒருபக்க அடி கழன்று, பார்க்கச் சகிக்காமல் வாசலில் கிடந்தது. அவன் உள்ளே வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கடைப்பக்கத்தில் ஒரு மதிப்புரை வந்து விழுந்தது. தஞ்சாவூர் வெண்ணிலா. ஐந்து நட்சத்திரம்.

‘படத்தில் காட்டியபடியே இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது. அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். தரமான கடை.’

சலோமி திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த மதிப்புரையைப் படித்துவிட்டு, அதே மாதிரி ஜோடி வேண்டுமென்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.