நீல வெல்வெட்டின் ஊசித் துளைகள்

நான் தைத்துக் கொடுத்த இறக்கையை மாட்டிக்கொண்ட ஒரு நடிகர், மேடையிலிருந்து அப்படியே எழும்பி, அரங்கத்துக் கூரையின் ஓட்டை வழியாக வெளியே போய், ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு இடைவேளை மணி அடிப்பதற்குள் இறங்கி வந்துவிட்டார். தலையில் ஒரு காக்கை வேறு உட்கார்ந்திருந்தது. நம்ப மாட்டீர்கள். அன்று அவருக்கு விளக்குப் போட்ட என் வீட்டுக்காரரே நம்பவில்லை. போகட்டும். கைக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், வாய்க்கும் சேர்த்தா கொடுத்தார்கள்?

ஆனால் நீல கவுன் விஷயத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை தைக்கப் பழக்கும் பட்டறை அது. அரங்க மேடைக்கு நேர் கீழே, ஜன்னலே இல்லாத நீள அறை. நான் சேர வந்த மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. படி இறங்க இறங்க மழைச் சத்தம் தேய்ந்து, தலைக்கு மேலே ஒத்திகை பார்ப்பவர்களின் காலடி கேட்க ஆரம்பித்தது. இஸ்திரி ஆவியும், பாச்சை உருண்டையும், எத்தனையோ பேருடைய பழைய வியர்வையும் கலந்த ஒரு வாசனை. சுவரோரமாகத் தலையில்லாத டம்மிகள் வரிசையாக நின்றன. யாரோ இப்போதுதான் "பேசாதே" என்று அதட்டிவிட்டுப் போனதுபோல அப்படி ஒரு அடக்கம்.

அதட்டியவர் கத்திரி டீச்சர். அவர் தும்மினால் மேலே ராஜா வேஷக்காரருக்கு வசனம் மறந்துவிடும். அறையிலுள்ள எலிகள் வரிசையில் வந்து நிற்கும்.

"முன்னாடி எங்கே வேலை?"

"தையல் கடையில, டீச்சர். உள்பக்கம் பிசிறே இல்லாம வெட்டி நீட்டா முடிப்பேன்."

"அந்தப் புத்தியைப் படியிலேயே கழட்டி வெச்சுட்டு வா. இங்கே உள்ளே இருக்கிற துணியை வெட்டினா உன் விரலை நான் வெட்டுவேன்."

காரணம் இல்லாமல் இல்லை. கடையில் தைப்பது ஒரு ஆளுக்கு. மேடை உடை வேஷத்துக்குச் சொந்தம். இன்று ஒருத்தி போடுவாள், நாலு வருஷம் கழித்து இன்னொருத்தி. அதனால் உள்ளே கை அகலத்துக்கு மார்ஜின் துணி விட்டுத்தான் தைப்போம். குண்டானவள் வந்தால் பிரித்து விடுவோம், ஒல்லியானவள் வந்தால் பிடித்துத் தைப்போம். வெல்வெட்டில் மட்டும் ஒரு சங்கடம்: பழைய ஊசித் துளை மறையவே மறையாது. யார் யார் எந்த அளவில் இருந்தார்கள் என்று துணியே காட்டிக்கொடுத்துவிடும்.

என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தியை, தையல் மெஷினில் நூல் சுற்றும் குட்டிச் சக்கரத்தின் பெயரால், பாபின் என்று கூப்பிடுவோம். அவ்வளவு ஒல்லி; ஓர் இடத்தில் நிற்காத சுற்றல். கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு பழைய உடையைப் புது நடிகையின் அளவுக்கு மாற்றித் தர வேண்டும். பாபின் பீரோவுக்குள் பாதி உடம்பை விட்டு, ராணி வேஷத்து நீல வெல்வெட் கவுனை இழுத்து வெளியே போட்டாள்.

"இதுதான் எனக்கு."

"உனக்கென்னடி, தூக்கவே தெம்பு இல்ல," என்றேன்.

"தூக்கிடுவேன்," என்றாள். சிரிக்கவில்லை.

அன்று இடுப்பைப் பிடித்துத் தைத்து, டம்மிக்கு மாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் இடுப்புத் தையல் பிரிந்து கிடந்தது. திரும்பத் தைத்தாள். அது மறுபடி பிரிந்தது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக. கத்திரி பட்ட அடையாளமே இல்லை. நூல் முழுசாக, அறுபடாமல், டம்மியின் காலடியில் சுருண்டு கிடந்தது.

"விளையாடுறியா?" என்றார் டீச்சர்.

"நான் இல்ல, டீச்சர்."

"பின்னே டம்மி பிரிச்சுதா? தைக்க வரலைன்னா வரலைன்னு சொல்லு. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

பாபினுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாஸ் பண்ணினால் சினிமாக் கம்பெனியில் வேலை. பண்ணாவிட்டால் பெரியம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வீட்டைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே இல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மேலே போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் கவுனுக்கு முன்னால் உட்கார்ந்தோம். காலையில்தான் அவள் புதுசாக அழுத்தித் தைத்திருந்தாள். திருடனைப் பிடிக்கும் உற்சாகத்தில் நான் அடிக்கோலைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன். மேலே ஒத்திகை நின்று காலடிகள் ஓய்ந்தன. ட்யூப் லைட்டின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஒரு வாசனை வந்தது. முகத்துக்குப் போடும் ரோஸ் பவுடர். அந்த அறையில் அப்போது யாரிடமும் பவுடர் இல்லை.

சர்ர்.

வெல்வெட்டுக்குள் நூல் நகரும் சத்தம்.

யாரும் தொடவில்லை. ஒரு தையல் தளர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமே இல்லாமல், பழகின கை ஒன்று பொறுமையாக உருவுவதுபோல நூல் வெளியே வந்து, தரையில் விழுந்து சுருண்டது.

என் கையிலிருந்த அடிக்கோல் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

பாபின் ஓடவில்லை. எழுந்து கிட்டே போய், பிரிந்த துணியை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இங்கே பாரு," என்று கிசுகிசுத்தாள்.

ஊசித் துளைகள். ஒரு வரிசைக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று. அத்தனையும் முன்வயிற்றுப் பக்கம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பழைய தையல் போன வழியிலேயே கவுன் வரிசை வரிசையாகப் பெருத்துக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போட்டிருந்த கவுன்," என்றாள். "பழைய நாடகக்காரர் ஒருத்தர் சொன்னார். நான் வயித்துல இருக்கும்போது இதைப் போட்டுத்தான் நடிச்சாங்களாம். நான் வளர வளர இங்கே பிரிச்சு விட்டிருக்காங்க. கடைசி நாடகம் முடிஞ்சு, இதைக் கழட்டி வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க. நான் வந்தேன். அவங்க வரல."

எனக்கு வாயடைத்துப் போனது. என்னைத் தெரிந்தவர்களுக்கு, இந்தக் கதையிலேயே நம்ப முடியாத இடம் அதுவாகத்தான் இருக்கும்.

"பெரியம்மா அவங்க பேரைக்கூடச் சொல்ல விட மாட்டாங்க. ஒரு போட்டோகூட வெச்சுக்கல. அவங்க தொட்டதுன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதைச் சின்னதாக்கித் தைச்சாதான் நான் பாஸ்." வெல்வெட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எனக்காக விட்ட இடத்தை என்னையே மூடச் சொல்றாங்கடி."

அதன் பிறகு அவள் அந்தக் கவுனில் ஊசி வைக்கவில்லை.

பரீட்சை நாளன்று டீச்சர் வந்து பார்த்தபோது கவுன் கடைசி வரிசை வரைக்கும் பிரிந்து நின்றது. திட்டுவார் என்று பார்த்தோம். திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"போட்டுக்கோ," என்றார். "எவ்வளவு தொளதொளன்னு தொங்குதுன்னு நீயே கண்ணாடியில பாரு. பார்த்துட்டுக் கிளம்பு."

பாபின் போட்டுக்கொண்டாள். கொம்பில் போர்த்திய போர்வை மாதிரி தொங்கியிருக்க வேண்டும்.

தொங்கவில்லை.

முன்பக்கம் உருண்டு, நிறைந்து நின்றது.

ரோஸ் பவுடர் வாசனை மெல்ல வந்து சூழ்ந்தது.

எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். டீச்சர் மட்டும் வாயில் குண்டூசிகளோடு மண்டி போட்டார். "உள்ளே என்னடி துணியை அடைச்சு வெச்சிருக்கே?" என்று பல்லிடுக்கில் கேட்டுக்கொண்டே ஒரு கையை அவள் முதுகோடு உள்ளே விட்டுத் துழாவினார். துணி எதுவும் அகப்படவில்லை. வெளியே இருந்த கையை அந்த உருண்டை மேல் வைத்து அழுத்தினார்.

வாயிலிருந்த குண்டூசிகள் அத்தனையும் தரையில் சிதறின.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, உள்ளங்கையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் மண்டி போட்டபடியே இருந்தார். பிறகு எழுந்தார்.

"பாஸ்," என்றார். "இந்தக் கவுனை யாரும் தொடக் கூடாது. அந்தப் புது நடிகைக்கு வேற உடை பாருங்க."

"என்ன ஆச்சு டீச்சர்?" என்றேன் நான்.

"குண்டூசி குத்திடுச்சு. வேலையைப் பாரு."

பாபின் சினிமாக் கம்பெனிக்குப் போனாள். லீவு கிடைத்தபோதெல்லாம் பட்டறைக்கு வருவாள். பீரோவைத் திறந்து, கவுனுக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். "இன்னும் சூடா இருக்கு," என்பாள். நானும் கை விட்டுப் பார்த்தேன். எனக்குச் சில்லென்றுதான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் அரங்கத்து விளக்குக்காரரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய அக்கா சாட்சாத் கத்திரி டீச்சர். புலிக்குகைக்குள் விருந்துக்குப் போன மாதிரி அந்த வீட்டுக்குள் போனேன். கல்யாணமே செய்துகொள்ளாத அவரும் எங்களோடுதான் இருந்தார். நான் நீல கவுன் கதையை எடுத்தாலே, "ஆரம்பிச்சுட்டாளா? தையல் சரியில்ல, பிரிஞ்சுது. பவுடர் வாசனை யார் மேலேயோ அடிச்சுது. உருண்டையா நின்னது பழைய துணியோட விறைப்பு. அவ்வளவுதான்," என்று முடித்துவிடுவார்.

"அப்போ கையை எதுக்கு இழுத்தீங்க, அக்கா?"

"குண்டூசின்னு சொல்றேன்ல."

என் மூத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த சமயம். ஒரு காலைப்பொழுது. சமையலறையில் உட்கார்ந்து அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் ஒரே கலாட்டா. "அத்தைக்குக் குட்மார்னிங் சொல்லுது, பாருங்க," என்று அவர் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்தேன்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெள்ளைத்தாளாக இருந்தது.

"இதுதான் உதைக்கிறதா?" என்றார்.

"ஆமா, அக்கா. வேற என்ன?"

கண்ணிலிருந்து வழிந்தது வெங்காயத்தால் இல்லை.

"எனக்கு அப்போ தெரியலடி. நான் எங்கே சுமந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?" குரல் எழும்பவே இல்லை. "அன்னிக்குக் கவுனுக்குள்ள பாபின் வயிறு ஒட்டிப்போய் உள்ளே தள்ளி இருந்துச்சு. அதுக்கும் துணிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. நான்தான் கையை விட்டுத் துழாவினேனே, வெறும் காத்து."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் காத்துதான் உதைச்சுது. ரெண்டு தடவை."