லாரன்ஸின் புல்லர்

"அண்ணா, என் புல்லரக் காணோம்!"

லாரன்ஸ் வந்து நின்றபோது, ஓய்வுபெற்ற தபால்காரர் கோவிந்தசாமி பாதி முகச்சவரத்தில் இருந்தார். மனைவி பவுனம்மாள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். தெருவில் எது தொலைந்தாலும் கண்டுபிடிப்பவர் அவர். முதலில் ஓடுபவள் அவள்.

புல்லர் என்பது கார் சக்கரத்தின் பேரிங்கை இழுத்துக் கழற்றும் மூன்று கால் கருவி. லாரியின் பழைய பட்டையை அறுத்து, அனந்தபுரத்தில் வெல்டிங் வைத்து, லாரன்ஸ் தானே செய்தது. தெருவில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் மெக்கானிக்கிடம் போகாமல் அதைத்தான் இரவல் கேட்டார்கள்.

"மெக்கானிக் வெற்றிவேல்தாண்ணா எடுத்திருப்பான். என்னால அவன் தொழில் படுத்துடுச்சில்ல! சாயங்காலத்துக்குள்ள வரலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்."

"போலீஸ் வந்துட்டா அப்புறம் அவன் கடைக்கு எவன் வருவான்? இரு," என்றார் கோவிந்தசாமி.

ஒரு சக்கரம் கழற்றப்பட்டுக் கல்மேல் நின்ற லாரன்ஸின் காரருகே கூட்டம் சேர்ந்தது. வெற்றிவேல் கண் கலங்கி நின்றான். எதிர்வீட்டுப் பாண்டுரங்கனும் வந்தார், கையில் பெட்டியோடு. அதில்லாமல் அவர் தெருவில் இறங்குவதில்லை. ஆன்லைனில் வாங்கிய ஸ்பேனர் செட். பஞ்சுத் தட்டில் பள்ளம் பள்ளமாய் நாற்பது சாமான். மூன்று மாதமாக அதன் கொக்கிகளை 'டப் டப்' என்று திறந்து தெருவுக்கே காட்டினார். ஒருவரும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

இன்று பெட்டியைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"இன்னாங்க, கொக்கி ஒடைஞ்சிடுச்சா?" என்றாள் பவுனம்மாள்.

"ஒடையல. ஒரு பாதுகாப்புக்கு."

கோவிந்தசாமி பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். ஓரத்து லேபிளைப் படித்தார்: மொத்த எடை ஐந்து கிலோ.

"முப்பது வருஷம் பார்சல் தூக்குன கை, பாண்டு. இது ஏழுக்குக் கொறையாது. கொக்கி நல்லாத்தான் இருக்குது, மூடிதான் எறங்கல. அதுக்குத்தான் கயிறு. தட்டுக்கு அடியில இன்னாத்த திணிச்ச?"

அவர் முடிப்பதற்குள் பவுனம்மாள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். தட்டுக்குக் கீழே, மூன்று காலையும் மடக்கிக்கொண்டு புல்லர்.

பாண்டுரங்கன் தலை தொங்கியது. "நாப்பது சாமான் வாங்கி வச்சிருக்கேன். ஒருத்தன் ஒண்ணு கேட்டானா? இவன் துருப்புடிச்ச பட்டைய அறுத்துச் செஞ்சா தெருவே வரிசையில நிக்குது!"

"மன்னிச்சிடு வெற்றி," என்றான் லாரன்ஸ் முதலில். பிறகு தட்டையே வெகுநேரம் பார்த்தான்.

"அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரக் கேக்கணும்னு மூணு மாசமா நெனைக்கிறேன். உன் பவுசப் பாத்து வயிறெரிஞ்சிதான் கேக்கல. தர்றியா?"

பாண்டுரங்கன் ஸ்பேனரை எடுத்து, வேட்டியில் இரண்டு முறை துடைத்து, கூட்டம் பார்க்கும்படி நீட்டினார்.

"சாயங்காலமே திருப்பிக் குடுத்துடணும். பள்ளம் காலியா இருந்தா எனக்குத் தூக்கம் வராது."