பிடரியில் பச்சைக் கட்டம்

கார்த்திகேசன் முதுகைக் காட்டித் திரும்பி நின்ற பிறகும் பச்சைக் கட்டம் அவனை விடவில்லை.

அவனுடைய புதுக் கேமரா அது. ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து, அதன்மேல் சின்னதாக ஒரு பச்சைக் கட்டம் போட்டு, ஆள் நகர நகர கூடவே போகும். முகம் மறைந்தால் கட்டமும் மறைய வேண்டும். இதுவோ அவன் பிடரியில், முடி முடிகிற இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கோளாறு என்று நினைத்ததும், கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த செல்வமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பின்னே இருக்காதா? கல்லிடைக்குறிச்சியில் நாளைக்கு ஒரு கல்யாணம். அந்த வீட்டுக் கல்யாணமெல்லாம் இதுவரை அவர் படம் எடுத்தது. இந்தத் தடவை மிரர்லெஸ் என்கிற புது வகைக் கேமராதான் வேண்டுமென்று, அவரிடம் தொழில் படித்த கார்த்திகேசனைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு விட்டானா? இடையில் அடாப்டர் வளையம் போட்டால் அவருடைய பழைய லென்ஸ் இதில் சேருமா என்று பார்க்க, பேட்டையில் அவர் ஸ்டூடியோவுக்கே வந்து நிற்கிறான். சேர்ந்தால் நாளைக்கு இரவல் வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம்! வயிறு பற்றி எரிந்தது. சிரித்துக்கொண்டுதான் வாங்கி மாட்டினார்.

வெளியே வானம் மழைக்குக் கருத்து, எதிர்ப் பட்டறையில் தகரம் அடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக அடங்க, திரைச்சீலையின் பூஞ்சை வாடைக்கு நடுவே அடாப்டருக்குள் லென்ஸ் மட்டும் எதையோ தேடுகிற மாதிரி முனகி, முனகி, நின்றது.

"கண்ணைப் பிடிக்குதா அண்ணாச்சி?" திரும்பாமலே கேட்டான்.

கோளாறைச் சொல்லியிருக்கலாம். நாளை மணவறையில் வைத்துக் காலை வாரட்டும், கல்யாண வீடே பார்க்கட்டும் என்று இருந்தது.

"நல்லாப் பிடிக்குதுலே. கொண்டு போ."

அவருக்கு ஒரு பழக்கம். வலக்கண் கேமராவில் இருந்தாலும் இடக்கண்ணை மூடமாட்டார். அது வெளியே ஆளைப் பார்த்தபடியே இருக்கும். இப்போது ஏனோ உறுத்தியது. மூடினார்.

கட்டம் மறைந்தது.

திறந்தார். வந்தது.

மூடினார். இல்லை.

திறந்து, ஒரு படம் எடுத்தார். ஷட்டர் சத்தமே வரவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். முடி. வியர்வை. முடிக்கு நடுவே ஒரு கண். ஈரமாக, இமைமயிரோடு, துல்லியமாக. வெள்ளையில் மஞ்சளாக ஒரு சதைப் புள்ளி. தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில், தன் இடக்கண்ணில் அவர் பார்க்கிற புள்ளி.

கார்த்திகேசன் பிடரியைச் சொறிந்துகொண்டே வந்தான். செல்வமணியின் இடக்கண்ணில் நகம் கீறியது.

கேமராவை லென்ஸோடு வாங்கிப் பையில் போட்டான்.

"உங்க கண்ணு படாம இருந்தாச் சரி அண்ணாச்சி."

சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் கிளம்பினான். அவர் வாசலுக்கு ஓடி வந்தார்.

இடக்கண்ணை இறுக்கி மூடினார்.

இருட்டவில்லை.

ஓடுகிற பைக்கிலிருந்து ரோடு தெரிந்தது. பின்னால் பின்னால் ஓடியது. மழைத்தூறல். பட்டறைகள். தூரத்தில் அவருடைய ஸ்டூடியோ, பெயர்ப்பலகை, வாசலில் அவர். கை முகத்துக்குப் போவது தெரிந்தது. விரல்கள் இமையைத் தூக்கின. உள்ளே போயின. ஒன்றும் தட்டுப்படவில்லை.

வாசலில் நிற்கிறவர் சிறிதாகிக்கொண்டே போனார். விரலை எடுத்தார். அந்த முகத்தில், கண் இருந்த இடத்தில், கருப்பாக ஒரு குழி.