பின்பக்கம் ஐயப்பன்

மதியம் மூன்றரை மணிக்குக் கைப்பேசியில் ஆட்டத்துக்குள் நுழைந்தபோது, திரையில் நாலாவது பெயரும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

செந்தமிழ்ச்செல்வி அதைப் பார்த்தாள். பார்த்தபடியே ஹெட்செட்டைக் காதில் மாட்டினாள். ஒன்பது நாளாக எதுவும் அவளுக்கு உள்ளே போய்ச் சேருவதில்லை. சோற்றுக்கு ருசியில்லை, அழுகை வருவதில்லை. இதுவும் அப்படியே வெளியில் நின்றது.

"இன்னா சரத், ஐயப்பன் பேரு எரியுது?"

"அவன் தங்கச்சி போன எடுத்து நோண்டிக்கினு இருப்பா," என்றான் சரத்குமார். திருக்கோவிலூரில் செல்போன் கடை வைத்திருப்பவன், அணியின் தலைவன். "வுடு. இன்னிக்கு ஃபைனல். மூணு பேரா ஆடி முடிச்சிடலாம்."

களமருதூரிலிருந்து ஆடும் மூன்றாமவன் தீனதயாளன் தொண்டையைச் செருமினான்.

இரண்டு வருஷமாக இந்த நாலு பேரும் ஒரே அணி. குறி பார்த்துச் சுடுவதில் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனாலும் இவர்கள் ஜெயித்துக்கொண்டே வந்ததற்குக் காரணம் சரத் போட்ட ஒரே விதி. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் நாலு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். ஆளுக்கொரு திசை. தன் திசையை மட்டும்தான் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் திரும்பக்கூடாது, அதை அந்தப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வான். பின்பக்கம் எப்போதும் ஐயப்பனுக்கு. வெள்ளிமலையில் வண்டி மெக்கானிக் அவன். வீட்டில் சிக்னல் கிடைக்காமல், ஊருக்கு மேலே ஒரு பாறையின் விளிம்பில் உட்கார்ந்து ஆடுவான். மைக்கில் எப்போதும் காற்று இரையும்.

ஒன்பது நாளுக்கு முன்பு, பயிற்சி ஆட்டத்தின் நடுவில், அவன் குரல் தணிந்தது. "செல்விக்கா, எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாரி இருக்குது. ஆட்டத்துல இல்லக்கா. இங்க."

எதிரணி நெருங்கிக்கொண்டிருந்தது. செல்விதான் சொன்னாள். "திரும்பாத ஐயப்பா. உன் பக்கத்த பாரு."

அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. மறுநாள் பாறைக்குக் கீழே அவனைக் கண்டெடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே நைனார்பாளையம் வெயிலில் அசையாமல் கிடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. தெருவில் குழாயடியில் அம்மா இருசம்மாள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் தேய்ந்து வந்தது. முதல் பத்து நிமிஷம் மூவரும் மேட்டோரம் பதுங்கிப் பதுங்கி முன்னேறினார்கள். அப்போதுதான் காதுக்குள் காற்று இரையத் தொடங்கியது.

"பின்னாடி ரெண்டு பேரு. பள்ளத்துல. நான் பாத்துக்கறேன்."

ஐயப்பனின் குரல். எப்போதும்போல அவசரமில்லாத குரல்.

பள்ளத்திலிருந்து இரண்டு துப்பாக்கிச் சத்தம் வந்தது. எதிரணியில் இரண்டு பேர் குறைந்தார்கள்.

"மேட்ட வுட்டு எறங்குங்க. வலப்பக்கமா வாங்க."

இறங்கினார்கள். அவன் சொன்னால் அவர்களுடைய விரல் கேட்கும். இரண்டு வருஷப் பழக்கம். பயப்பட வேண்டும் என்று செல்விக்குத் தெரிந்தது. பயம் இருக்க வேண்டிய இடம் மரத்துக் கிடந்தது. ஊசி போட்ட ஈறு மாதிரி.

"சரத்து," என்றான் தீனதயாளன். "இப்பதான் இன்னொரு போன்ல அவன் தங்கச்சி தமிழ்ப்ரியாகிட்ட பேசனேன். போன அவன்கூடவே வெச்சிப் பொதைச்சிட்டாங்களாம்."



"கதவு தொறந்திருக்கு," என்றான் ஐயப்பன்.

ஆட்டத்தில் அவர்கள் நின்றது வெறும் பொட்டல். வீடில்லை. கதவில்லை.

"எந்தக் கதவுடா?" என்றான் தீனதயாளன்.

"ஒட்டி நில்லுங்க. சரத்தண்ணா கெழக்குச் செவுரு. தீனாண்ணா வடக்கு. செல்விக்கா தெக்கு. பின்பக்கம் நான்."

செல்வி கீழே பார்த்தாள். அவள் கால்கள் ஏற்கெனவே நகர்ந்திருந்தன. நாற்காலி தெற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கைப்பேசி மடியில் கவிழ்ந்து கிடந்தது. சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்த ஒரு திட்டு. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சரத்தின் மைக்கில் கடையில் வேலை செய்யும் பெண்ணின் குரல் தூரத்தில் கேட்டது. "இன்னாண்ணா, செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்கீங்க? அண்ணா? கஸ்டமர் வந்திருக்காங்கண்ணா."

அதன்பின் அந்தக் குரலும் நின்றது.

மண் வாசனை. ஆழத்திலிருந்து தோண்டிப் போட்ட ஈர மண்.

ஏதோ ஒன்று அவள் முதுகில் வந்து சாய்ந்தது. மெதுவாக. தோளுக்குத் தோள். ஈரம் ரவிக்கைக்குள் இறங்கியது. அது மூச்சு விடவில்லை. ஆனால் அவள் மூச்சுவிடும்போதெல்லாம் கூடவே அசைந்தது.

"வாசல்ல ஒரு ஆளு," என்றான் ஐயப்பன். இந்த முறை ஹெட்செட்டில் இல்லை.

வாசலில் செருப்பு உதறும் சத்தம். அம்மாவின் மூச்சிரைப்பு. "ஏன்டி, கொழாயில தண்ணி வந்துடுச்சி, ஒரு கொடமாவது வந்து தூக்கக்கூடாதா? எவ்ளோ நேரமா கத்திக்கினு..."

நின்றது.

"செல்வி... யாருடி அது?"

"ஐயப்பா." அவள் குரல் அவளுக்கே தட்டையாகக் கேட்டது, ஆட்டத்தில் தகவல் சொல்வதுபோல. "அது எங்கம்மா."

"தெரியும்க்கா. நீ உன் பக்கத்த பாரு."

முதுகிலிருந்த பாரம் விலகியது.

திரும்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கழுத்து கேட்கவில்லை. எழுந்திரு. கால் கேட்கவில்லை. சுண்ணாம்புத் திட்டு. அதன் ஓரத்தில் ஒரு எறும்பு. அவள் எறும்பைப் பார்த்தாள்.

குடம் விழுந்தது.

அம்மா கத்தவில்லை. தரையில் குதிகால் இழுபடும் சத்தம் ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

தண்ணீர் சிமென்ட் தரையில் பரவி அவள் பாதத்துக்கு வந்தது. விரலிடுக்கில் புகுந்தது. குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி.

அவள் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் காலடியில் தண்ணீர் வெதுவெதுப்பானது.