ஒரே இணைப்பில் இரண்டு கை

அறுபத்தெட்டாயிரத்து நானூறு. அவ்வளவையும் காசாளரம்மாவின் தலையில் கடனாகக் கட்டி, வேலையை விட்டும் துரத்தியிருந்தது அந்த லாரி கம்பெனி.

"வளையலை வித்துக் கட்டிட்டேன் சார். காசு போனாப் போகுது. என்னைத் திருடின்னு சொன்ன வாயே அதைத் திரும்ப விழுங்கணும்," என்றாள், துப்பறியும் கண்ணாடிக்காரரிடம். அவர் நிதானமானவர். கூட இருந்த அவருடைய மச்சானுக்கோ கால் தரையில் பாவாது.

டயர் கடைக்கு அவள் கம்ப்யூட்டரில் அனுப்பிய அந்தப் பணம், வேலையை விட்டு நின்ற டிரைவரின் கணக்கில் விழுந்தது. அவன் எடுத்துக்கொண்டு தலைமறைவானான். அவனுக்குச் சேரவேண்டிய இரண்டாயிரமோ டயர் கடைக்குப் போயிருந்தது.

"அந்தம்மாவும் டிரைவரும் கூட்டுக் களவாணிங்க, மாமா!" என்றான் மச்சான், அவள் போனதும்.

"அப்போ டயர் கடைக்கு ரெண்டாயிரம் எதுக்குடா தருமம்?"

மறுநாள் கம்பெனிக்குப் போனார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தி பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். மற்றவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா சும்மா இருக்கே?"

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அனுப்பணும்னு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிற சார் உத்தரவு. அக்கா போன மறுநாள்லேருந்து."

கண்ணாடிக்காரர் காசாளரம்மாவையும் சேர்த்து எல்லாரையும் முதலாளி அறைக்கு வரச்சொன்னார்.

"உங்க சர்வருக்கும் பாங்குக்கும் நடுவுல ஒரே இணைப்பு. ரெண்டு பேர் அனுப்பினா ரெண்டு திரெட், அதாவது புரோகிராமோட ரெண்டு கை, அதுல எழுதும். ஒண்ணு முடிக்கிறவரை இன்னொண்ணை நிறுத்திவைக்க ஒரு பூட்டு வேணும். இல்லேன்னா இந்தத் தொகையில அந்தக் கணக்கு எண் ஒட்டிக்கும். அன்னிக்கு இந்தம்மா டயர் கடைக்கு அனுப்பின அதே நொடியில, பக்கத்து சீட்டுல டிரைவருக்கு அனுப்பியிருக்காங்க."

கம்ப்யூட்டர்காரருக்கு வியர்த்தது. "வேகம் கெடுதுன்னு பூட்டை எடுத்தேன் சார். ஆனா அதனாலதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"திருடிதான் போயாச்சே, அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா அனுப்பற வரிசை எதுக்கு? ஆளைச் சந்தேகப்பட்டவன் ஆளுக்குக் காவல் போடுவான். நீங்க இணைப்புக்குக் காவல் போட்டீங்க."

முதலாளி பணப்பெட்டியைத் திறந்தார்.

"உங்க கையால வேணாம் முதலாளி," என்றாள் அவள். "கம்ப்யூட்டர் சார் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. அவரே எண்ணித் தரட்டும். எல்லார் முன்னாடியும்."

"இவங்க திருடலை. தப்பு என்னோடது," என்று முனகிவிட்டுக் கம்ப்யூட்டர்காரர் நோட்டை எண்ணினார். பாதியில் கணக்கு விட்டுப்போயிற்று.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து எண்ணுங்க. சத்தமா."