துரையின் தாடையில் ஒரு வட்டம்

மாலை 4.10. வாசலில் ஹாரன் விடாமல் அலறியது. நாய்க் காப்பகத்து வண்டி. துரையைக் கொண்டுபோக வந்திருந்தது.

துரை அந்த வீட்டு நாய். ஒரு மாதமாகத் தாடைக்கு அடியில் முடி கொட்டி, ஓரம் சிவந்து, வட்டமாக ஒரு படை. போன வாரம் நான்கு வயதுச் சிறுமியின் கன்னத்திலும் அதே வட்டம். பழி துரை தலையில் விழுந்தது.

சிறுமியின் அம்மா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அவள் தம்பி, நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவன், கையில் கயிறும் காலில் கறுப்பு சாக்ஸுமாக வியர்த்து நின்றான். சிறுமி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

4.14. கால்நடை மருத்துவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"கயித்தை விடுங்க! ரெண்டு வாரம் முன்னாடி இதோட முடியை எடுத்துட்டுப் போனேன்ல? அதுல பூஞ்சை வளர்ந்திருக்கு."

"தெருவுல எங்கயாவது புரண்டு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் டாக்டரம்மா," என்றான் தம்பி.

"புரண்டிருந்தா முதுகுல வரணும், விலாவுல வரணும். தாடைக்கு அடியில மட்டும் எப்படி வந்துச்சு? அதோட, இது நாய், பூனைகிட்ட வர்ற ரகமே இல்ல. மனுஷத் தோல்ல வாழ்ற ரகம்."

அம்மாவின் நடை நின்றது. "அப்படின்னா?"

"துரை கொண்டு வரல. துரைக்கு யாரோ கொடுத்திருக்காங்க. பாப்பா, டி.வி. பார்க்கறப்ப துரை எங்க படுக்கும்?"

"மாமா கால் மேல. தாடையை வச்சுட்டு கொர்ர்னு குறட்டை விடும்!"

மருத்துவர் திரும்பினார். "இந்தப் புழுக்கத்துல வீட்ல எல்லாரும் வெறுங்கால். உங்களுக்கு மட்டும் எதுக்கு சாக்ஸ்? கழட்டுங்க."

4.19. விரலிடுக்கெல்லாம் வெளுத்து உரிந்திருந்தது. பாதத்தின் ஓரத்தில் அதே சிவப்பு வளையம்.

"துரைக்கு மாத்திரை, வாரம் ரெண்டு தடவை மருந்துக் குளியல். மாமாவும் பாப்பாவும் தோல் டாக்டரைப் பாருங்க. விரிப்பையெல்லாம் வெந்நீர்ல போடுங்க. ஆறேழு வாரத்துல சரியாயிடும்."

அக்கா கயிற்றைப் பிடுங்கினாள். "ஆறேழு வாரத்துல தீர்ற விஷயம்டா! வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன? வாயில்லா ஜீவனை வண்டியில ஏத்தப் பார்த்தியே!"

அவன் தலை நிமிரவில்லை.

"நாய் வேற கிடைக்கும்க்கா. இது குளத்துல தெரிஞ்சா, எனக்கு வேற வேலை கிடைக்காது."