ஒரே மாதிரி இருந்த வரிசைகள்

வாசலில் ஒரு ஜோடி ஷூதான் கிடந்தது. இரட்டைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஜோடிகளில் ஏதாவது ஒன்று காலை இடறாமல் அவள் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை.

"வாலு எங்கடி?" என்று பெரியவளிடம் கேட்டாள். சின்னவளுக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர்.

பெரியவள் பென்சிலைக் கடித்தபடி நிமிர்ந்தாள். "யாரும்மா?"

இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் பெற்றவளையே விற்றுவிடும். "நடிச்சது போதும், வெளிய வரச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள், குளியலறைக் கதவைத் தள்ளினாள். குழாய் சொட்டும் சத்தமும் ஈரச் சோப்பு வாசனையும் மாலை வெளிச்சத்தில் நீண்டு கிடந்த அவளுடைய நிழலும்தான் அங்கே இருந்தன. குவளையில் ஒரே ஒரு சின்ன பிரஷ். கூடத்துச் சுவரில் பிறந்தநாள் படம். அதில் பெரியவள் மட்டும், பக்கத்தில் யாருமில்லாத இடத்தை அணைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"நமக்கு ஒரு பொண்ணுதானே? வேலை நேரத்துல என்ன விளையாட்டு இது?" என்று வைத்துவிட்டான்.

அப்போதுதான் காலையில் செய்தது நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்தான் அவள் எழுத்தர். பதவி உயர்வுக்காகத் தரவுப் பகுப்பாய்வு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். "அசல் பட்டியல்ல கை வைக்காதீங்க, காப்பி எடுத்து அதுல பழகுங்க" என்று மாஸ்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். யார் காப்பி எடுத்துக்கொண்டிருப்பது? ஆளுக்கொரு வரிசையாக இருந்த மாணவர் பட்டியலைத் திறந்தாள். பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி மூன்றும் ஒன்றாக இருந்தால் நகல், நீக்கிவிடு என்று கணினிக்குச் சொன்னாள். பெயரையும் பார்க்கச் சொல்ல மறந்துபோனாள். ஒரு வரிசை நீக்கப்பட்டதாகத் திரை சொன்னது. சுத்தமாக வேலை செய்துவிட்ட பெருமையோடு சேமித்து மூடினாள்.

பள்ளிக்கு ஓடினாள்.

இருண்ட அலுவலகம். பழைய காகித நெடி. விசிறியின் கிறீச். பட்டியலில் வாலு இல்லை. பழையபடி மீட்கும் பொத்தான் செத்துக் கிடந்தது. கடைசியில் புது வரிசையாகத் தட்டினாள். பெயர். பிறந்த தேதி. உயரம். எடை. ரத்த வகை. பெற்றவளுக்கு எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புகைப்படத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சேமித்தாள்.

போன் அடித்தது.

"அம்மா, யாரோ கதவத் தட்டுறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அழுகை பீறிட்டது. "வாலுதான்டி! என் தங்கம் வந்துட்டா! தொறந்து விடு!"

தாழ்ப்பாள் சத்தம். பிறகு பெரியவளின் அலறல்.

வீடு வரை ஓடினாள். கதவு திறந்திருந்தது. பெரியவள் மூலையில் சுருண்டு, கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில் வாலு. அதே உயரம். அதே மெலிந்த உடம்பு.

திரும்பியது.

முகம் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை வெறும் தோல். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல் உள்ளே குழிந்தது. புடைத்தது. மறுபடி குழிந்தது, மூச்சுக்காக.

இரண்டு சின்னக் கைகள் காற்றைத் துழாவி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன.